எட்டுத் துடுப்பும் ஒரு பேங்க்கும்



இந்த மாதச் சுவர் இதழுக்கு விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்க்கையை எழுத வேண்டும் என்று சொன்னாங்க. தோனி, பி.டி.உஷா, பிரக்ஞானந்தா எல்லாரையும் மற்றவங்க முதல்லயே எடுத்துக்கிட்டாங்க. எனக்கு யாருமே மிச்சம் இல்லை. சமூக அறிவியல் டீச்சரிடம் போய் நின்றேன். "துடுப்பு வலிச்சு ஒலிம்பிக்ல தங்கம் வாங்கிட்டு, பின்னாடி பெரிய பேங்க்குக்குத் தலைவரா இருந்தவர் ஒருத்தர் இருக்கார். எழுதுறியாம்மா?" என்று கேட்டாங்க. சரின்னு தலையாட்டிட்டேன். அவர் பெயர் ஜேம்ஸ் ஸ்டில்மேன் ராக்ஃபெல்லர்.

வகுப்புக்கு வந்து சொன்னதும் என் பெஞ்சு தோழி சிரிச்சா. "ராக்ஃபெல்லரா? கோடீஸ்வரன் வீட்டுப் பிள்ளை ஜெயிச்சான்னு எழுத ஒரு கட்டுரையா? பணம் இருந்தா நானும்தான் ஜெயிப்பேன்" என்றாள். அவள் கேட்டதற்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரையை எழுதினேன். பதில் நான் நினைச்ச மாதிரி சுலபமா கிடைக்கவில்லை.

முதலில் நம்ம ஊர்ப் பெயரையே பாருங்கள். திரு என்றால் செல்வம், லட்சுமி. திருமகள் வந்து நின்ற ஊர் என்பதால் திருநின்றவூர் என்று பெரியவங்க சொல்றாங்க. ஆனா இதே ஊரில்தான் கையில் காசே இல்லாத பூசலார் நாயனார் இருந்தார். காஞ்சியில் பல்லவ ராஜா நிறையப் பொன் செலவு செய்து கல்லால் கோயில் கட்டினார். பூசலார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார். இரண்டுக்கும் ஒரே நாளில் குடமுழுக்கு. இறைவன் ராஜா கனவில் வந்து, நான் பூசலார் கோயிலுக்குப் போகணும், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். இந்தக் கதை இருதயாலீஸ்வரர் கோயிலுக்குப் போன எல்லாருக்கும் தெரியும். பணம் உள்ளவர், இல்லாதவர் என்ற பேச்சு நம்ம ஊருக்குப் புதுசு இல்லை என்பதற்காகச் சொன்னேன். இனி அமெரிக்காவுக்குப் போவோம்.

ராக்ஃபெல்லர் 1902 ஜூன் 8-ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தார். அப்பா வழித் தாத்தா வில்லியம் ராக்ஃபெல்லர், தன் அண்ணன் ஜான் டி. ராக்ஃபெல்லரோடு சேர்ந்து ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய்க் கம்பெனியை வளர்த்தவர். அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவர் அந்த அண்ணன். அம்மா வழித் தாத்தா ஜேம்ஸ் ஸ்டில்மேன், நியூயார்க்கில் நேஷனல் சிட்டி பேங்க் என்ற வங்கியின் தலைவர். ஒரு பக்கம் எண்ணெய், ஒரு பக்கம் பேங்க். பேரனுக்கு இரண்டு தாத்தாக்களின் பெயரும் சேர்ந்து வந்துவிட்டது. பின்னால் 1925-இல் கல்யாணம் செய்தபோதும், இரும்பு வியாபாரத்தில் பெரிய பணக்காரரான ஆண்ட்ரூ கார்னகியின் குடும்பத்துப் பெண்ணைத்தான் செய்துகொண்டார். என் தோழி சொன்னதில் தப்பில்லை என்று இந்த இடத்தில் எனக்கே தோன்றிவிட்டது.

படிக்க யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே துடுப்புப் படகு ரொம்பப் பெரிய விளையாட்டு. யேலும் ஹார்வர்டும் 1852-இல் இருந்து படகுப் போட்டி நடத்துகிறார்கள். அவர் யேல் அணிக்குக் கேப்டன் ஆனார்.

இந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும். கேரளாவில் ஆலப்புழையில் நடக்கும் வள்ளம் களியை டிவியில் பார்த்திருப்பீங்க. அதில் எல்லாரும் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து துடுப்பு போடுவாங்க. ஒலிம்பிக் படகு அப்படி இல்லை. எட்டுப் பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாவதா ஒருத்தர் மட்டும் எதிர்ப்பக்கமாக உட்கார்ந்து முன்னால் பார்ப்பார். அவருக்குக் காக்ஸ் என்று பெயர். அவரிடம் துடுப்பு கிடையாது. சுக்கானைப் பிடித்துக்கொண்டு வேகத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். வலிக்கிற எட்டுப் பேருக்கும் கரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. பின்னால் விட்டு வந்த தண்ணீர்தான் தெரியும். பின்தங்கி வருகிற எதிரிப் படகும் தெரியும். முன்னால் போகிற படகு தெரியவே தெரியாது!

படகு கிட்டத்தட்ட 18 மீட்டர் நீளம், நம்ம வகுப்பறையை விட நீளம். அகலம் ஒரு பெஞ்சு அளவுதான். உட்காரும் பலகை சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடும். அதனால் கை மட்டும் இல்லை, கால்தான் முக்கிய வேலை செய்கிறது. காலை மடக்கி, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, பலகையை எட்டி உதைக்கணும். எட்டுத் துடுப்பும் ஒரே நொடியில் இறங்கி ஒரே நொடியில் எழணும். ஒருத்தர் அரை நொடி பிந்தினாலும் படகு ஒரு பக்கம் ஆடும், மற்ற ஏழு பேர் உழைப்பும் வீண். கயிறு இழுக்கும் போட்டியில் நாம "ஐலசா" சொல்லி ஒண்ணா இழுக்கிற மாதிரி. ஆனா இதை ஆறு நிமிஷத்துக்கு மேல் விடாம செய்யணும்.

1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் நடந்தது. அமெரிக்காவுக்காக யார் போவது என்று முதலில் தேர்வுப் போட்டி வைத்தார்கள். யேல் மாணவர்கள் அதில் கடற்படை அதிகாரிகளின் அணியைத் தோற்கடித்தார்கள். 1920 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியதே கடற்படைதான். ஒலிம்பிக் பந்தயத்துக்கு முன்னாலேயே, ஜூலை 7-ஆம் தேதி வந்த டைம் பத்திரிகையின் அட்டையில் ராக்ஃபெல்லர் படம் வந்துவிட்டது. (அட்டைப் படம் வந்தது துடுப்புக்காகவா, குடும்பப் பெயருக்காகவா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.)

போட்டி சேன் நதியில் அர்ஜான்டே என்ற இடத்தில் நடந்தது. தூரம் 2000 மீட்டர். இறுதிப் பந்தயத்தில் அமெரிக்கா எடுத்துக்கொண்ட நேரம் 6 நிமிடம் 33.4 வினாடி. இரண்டாவது வந்த கனடாவுக்கு 6 நிமிடம் 49 வினாடி. மூன்றாவது இத்தாலி. முதல் அணிக்கும் இரண்டாவது அணிக்கும் வித்தியாசம் 15.6 வினாடி!

எனக்கு இந்த நம்பர் சும்மா படித்தால் புரியவில்லை. கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தேன். 2000 மீட்டரை 393.4 வினாடியால் வகுத்தால், ஒரு வினாடிக்கு 5 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். போன வருஷம் குறுவட்டப் போட்டியில் நான் 400 மீட்டரை 78 வினாடியில் ஓடினேன். அதுவும் வினாடிக்கு 5.1 மீட்டர்தான். அப்படின்னா அந்தப் படகு போன வேகமும் நான் ஓடின வேகமும் ஒண்ணுதான்! சந்தோஷமா இருந்துச்சு. ஆனா நான் ஒரே 400 மீட்டர் ஓடி முடித்ததும் மைதானத்தில் படுத்துட்டேன். அவங்க அதே வேகத்தில் அஞ்சு 400 மீட்டரை நிற்காமல் போனாங்க. நம்ம மைதானம் 200 மீட்டர் சுற்று, அதில் பத்து சுற்று. அமெரிக்கப் படகு எல்லைக்கோட்டைத் தொட்டபோது கனடாப் படகுக்கு இன்னும் சுமார் 75 மீட்டர் பாக்கி இருந்தது. நாலு படகை வரிசையா நிறுத்தலாம்.

அந்தப் படகில் இருந்த இன்னொருவர் பெஞ்சமின் ஸ்போக். அவர் பின்னால் குழந்தை டாக்டர் ஆனார். குழந்தை வளர்ப்பு பற்றி 1946-இல் அவர் எழுதிய புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது. குழந்தை அழுதால் தூக்காதே என்று சொன்ன காலத்தில், அம்மாக்களே உங்கள் மனசு சொல்றதை நம்புங்க என்று எழுதினவர். ஆல்ஃபிரட் லிண்ட்லி என்பவர் 1932-இல் அலாஸ்காவில் உள்ள தெனாலி மலையின் உச்சிக்கு ஏறினார். ஒரே படகில் இருந்து ஒரு பேங்க் தலைவர், ஒரு டாக்டர், ஒரு மலையேறுபவர்.

இப்போ என் தோழி கேள்விக்கு வருகிறேன். துடுப்பை அவர்தான் வலித்தார், அவங்க தாத்தா இல்லை. வலிக்காம சும்மா கையை வைத்துக்கொண்டிருந்தால் படகு நேராப் போகாது, உடனே தெரிந்துவிடும். அதனால் அந்தத் தங்கம் அவருடையதுதான், எட்டில் ஒரு பங்கு இல்லை, முழுசா அவருடையது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனா படகில் உட்கார யாருக்கு இடம் கிடைத்தது? அதுதான் வேறு கேள்வி. அதே 1924-இல், அதே நதியில், அமெரிக்காவுக்கு இன்னொரு தங்கமும் கிடைத்தது. இரட்டையர் துடுப்பில் பால் காஸ்டெல்லோவோடு சேர்ந்து அதை வாங்கியவர் ஜான் பி. கெல்லி. இவர் பிலடெல்பியாவில் செங்கல் அடுக்குகிற கொத்தனார். அயர்லாந்தில் இருந்து பிழைக்க வந்தவர்களின் மகன். 1920-இல் இவர் இங்கிலாந்தில் ஹென்லி என்ற ஊரில் நடக்கும் புகழ்பெற்ற படகுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். சேர்த்துக்கொள்ளவில்லை. அவருடைய படகுக் கழகத்துக்கு முன்பே தடை இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கேளுங்கள். கையால் கூலி வேலை செய்தவர்கள் அந்தப் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தார்கள்! உடம்பை வளைத்து வேலை செய்கிறவனுக்குத் துடுப்பு வலிக்கும்போது கூடுதல் பலம் இருக்குமாம், அது நியாயம் இல்லையாம். எனக்குப் படிக்கும்போதே கோபம் வந்துச்சு. பால், முட்டை சாப்பிட்டு வளர்ந்தது கூடுதல் பலம் இல்லையா?

கெல்லி அதே வருஷம் ஒலிம்பிக்குக்குப் போனார். ஒற்றையர் பந்தயத்தில், ஹென்லியில் ஜெயித்திருந்த இங்கிலாந்து வீரர் ஜாக் பெரஸ்ஃபோர்டை ஒரே ஒரு வினாடியில் தோற்கடித்தார். பிறகு அதே நாளில் இரட்டையரிலும் தங்கம் வாங்கினார். அந்தச் சட்டத்தை 1937-இல்தான் எடுத்தார்கள். 1947-இல் கெல்லியின் மகன் ஹென்லிக்குப் போய் அதே போட்டியில் ஜெயித்துவிட்டு வந்தார். (கெல்லியின் மகள்தான் நடிகை கிரேஸ் கெல்லி, பிறகு மொனாக்கோ நாட்டு இளவரசி ஆனவர். கொத்தனார் வேலையில் தொடங்கிய கெல்லி பிற்காலத்தில் செங்கல் கட்டட கான்ட்ராக்டில் பெரிய பணக்காரரும் ஆகிவிட்டார்.)

ராக்ஃபெல்லருக்கு எந்தப் போட்டியிலும் "நீ யார் மகன்?" என்று கேட்டுக் கதவைச் சாத்தியிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தால் கதவு இன்னும் அகலமாத் திறந்திருக்கும்.

எனக்கும் ஒரு சின்ன விஷயம். அந்த 400 மீட்டரில் நான் இரண்டாவது வந்தேன். அடுத்த கட்டப் போட்டி வேற ஊரில். விடியற்காலையில் கிளம்பணும், கூட யாராவது வீட்டுப் பெரியவங்க வரணும். அப்பாவுக்குக் கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிப்ட். கான்ட்ராக்ட் வேலை, லீவு போட்டால் அன்னைக்குக் கூலி இல்லை. அம்மாவுக்கு அன்னைக்குத்தான் மகளிர் குழுக் கடனுக்கு பேங்கில் கையெழுத்து. நான் போகவில்லை. யார் மேலயும் தப்பு இல்லை. ஆனா அன்னைக்குச் சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் போனப்போ அரக்கோணம் வண்டி போற சத்தம் கேட்டு அழுகை வந்துச்சு. என் தோழி சொன்னது ஏன் எனக்கு உறைச்சதுன்னு இப்போ புரிஞ்சிருக்கும்.

சரி, பேங்க் கதைக்கு வருவோம். யேலில் 1924-இல் படிப்பு முடிந்ததும் அவர் தாத்தாவின் பேங்கில் சேரவில்லை. பிரௌன் பிரதர்ஸ் என்ற வேறு நிறுவனத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தார். 1930-இல்தான் நேஷனல் சிட்டி பேங்குக்கு வந்தார். அது ரொம்ப மோசமான சமயம். 1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து, அடுத்த சில வருஷங்களில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் வான்வழிப் படைப் பிரிவில் இருந்தார். 1952-இல் பேங்கின் தலைவர். சேர்ந்து 22 வருஷம் கழித்து. 1959-இல் அதற்கும் மேல், சேர்மன். 1967-இல் ஓய்வு. நடுவில் 1955-இல் இன்னொரு வங்கியைச் சேர்த்துக்கொண்டு ஃபர்ஸ்ட் நேஷனல் சிட்டி பேங்க் ஆனது. அதுதான் பின்னாளில் சிட்டி பேங்க்.

அவர் காலத்தில் நடந்த ஒரு முக்கியமான வேலை 1961-இல். அப்போது அமெரிக்காவில் கம்பெனிகள் நடப்புக் கணக்கில் போடும் பணத்துக்கு வட்டி கொடுக்கக் கூடாது என்று சட்டம். அதனால் கம்பெனிகள் பணத்தை எடுத்து அரசாங்கப் பத்திரங்களில் போட ஆரம்பித்தன. பேங்கில் பணம் குறைந்தது. அப்போ இவங்க டெபாசிட் சான்றிதழ் ஒன்று கொண்டு வந்தாங்க. நம்ம வீட்டில் ஃபிக்சட் டெபாசிட் போட்டால் அந்த ரசீது நம்ம பெயரில்தான் இருக்கும், அவசரம்னா உடைக்கணும், வட்டி குறையும். இந்தச் சான்றிதழை உடைக்க வேண்டாம். பணம் தேவைப்பட்டால் வேறு ஒருத்தருக்கு விற்றுவிடலாம். பேங்கில் பணம் அப்படியே இருக்கும், கம்பெனிக்கும் பணம் கிடைக்கும். நல்ல யோசனை இல்லையா? இந்தியாவில் இது 1989-இல் வந்தது. இந்தத் திட்டத்தில் பெரும்பங்கு அவருக்குக் கீழே வேலை பார்த்த வால்டர் ரிஸ்டனுக்கு என்கிறார்கள். ராக்ஃபெல்லர் அங்கே சுக்கான் பிடித்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

பேங்க் நாற்காலிக்கு நான் எத்தனை மார்க் போடுவேன் என்று தோழி கேட்டாள். தங்கத்துக்கு முழு மார்க் போட்டேன். இதற்குப் பாதிதான். 22 வருஷம் வேலை செய்தார், உண்மை. ஆனா அதே 22 வருஷம் அதே பேங்கில் கவுண்டரில் உட்கார்ந்து வேலை செய்த எத்தனையோ பேருக்கு ஜேம்ஸ் ஸ்டில்மேன் தாத்தா இல்லையே. துடுப்பில் வினாடி கணக்கு இருக்கு, ஏமாற்ற முடியாது. நாற்காலியில் அப்படி ஒரு கடிகாரம் கிடையாது.

அந்த பேங்குக்கும் நம்ம நாட்டுக்கும் தொடர்பு உண்டு. சிட்டி பேங்க்கின் வேர் 1902-இல் கல்கத்தாவில் திறந்த கிளையில் இருக்கிறது. ராக்ஃபெல்லர் பிறந்த அதே வருஷம்! 2023 மார்ச் 1-ஆம் தேதி இந்தியாவில் பொதுமக்களுக்கான அதன் வங்கித் தொழில் ஆக்சிஸ் பேங்குக்குப் போய்விட்டது.

நம்ம தமிழ்நாட்டிலும் பணக்கார வீட்டில் பிறந்து பேங்க் நடத்தியவர் இருந்தார். எம்.சி.டி.எம்.சிதம்பரம் செட்டியார். 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்கை காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் தொடங்கினார். 1954-இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்துவிட்டார். (சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் கொடுத்தவர் எம்.ஏ.சிதம்பரம், அவர் வேறு. நான் குழம்பினதால் உங்களுக்கும் சொல்றேன்.) இவர் துடுப்பு வலிக்கவில்லை, அதனால் சுருக்கமா நிறுத்திக்கிறேன். 1969 ஜூலை 19-இல் அந்த பேங்க் உட்பட 14 பேங்குகளை அரசாங்கம் நாட்டுடைமை ஆக்கியது. அதற்குப் பிறகுதான் கிராமத்துப் பக்கம் கிளைகள் நிறைய வந்தன. 1989-இல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் ஆரம்பித்தன. அந்த வழியில்தான் எங்க அம்மா இன்னைக்கு பேங்க் உள்ளே போய் நிற்கிறாங்க. சலான் நான்தான் எழுதுவேன். அம்மா கையெழுத்து மட்டும் போடுவாங்க, மெதுவா, ஒவ்வொரு எழுத்தா.

துடுப்புப் படகு சென்னையிலும் உண்டு. அடையாற்றில் மெட்ராஸ் போட் கிளப் 1867-இல் இருந்து இருக்கிறது. நம்ம ஊர் ஏரியில் தண்ணீர் இருக்கு, படகுதான் இல்லை. ஆனா படகையே பார்க்காத ஊரில் இருந்தும் ஒருத்தர் வந்தார். மகாராஷ்டிராவில் நாசிக் மாவட்டத்தைச் சேர்ந்த தத்து போகனல். அப்பா கிணறு வெட்டும் தொழிலாளி. அவரும் கூடப் போய்க் கிணறு வெட்டியிருக்கிறார். 2012-இல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பையே கையில் பிடித்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவில் 13-வது இடம். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் ஸ்வர்ண் சிங், சுக்மீத் சிங், ஓம் பிரகாஷ் ஆகியோரோடு தங்கம். ஹென்லியின் பழைய சட்டப்படி பார்த்தால் இவரையும் வெளியே நிற்க வைத்திருப்பார்கள்.

இதைப் படித்துக் காட்டியதும் தோழி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ யாராவது ஒருத்தர் படகைக் கொண்டுவந்து குடுக்கணும், இல்லையா? அவருக்கு அவங்க வீடு குடுத்துச்சு, இவருக்கு ராணுவம் குடுத்துச்சு" என்றாள். நான் இத்தனை பக்கம் எழுதினதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ராக்ஃபெல்லர் 102 வயசு வரை இருந்தார். 2004 ஆகஸ்ட் 10-ஆம் தேதி இறந்தார். மூன்று நாள் கழித்து ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடங்கியது. அந்த ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் படகில் அமெரிக்கா தங்கம் வாங்கியது. 1964-க்குப் பிறகு நாற்பது வருஷமாகக் கிடைக்காமல் இருந்த தங்கம். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்திருந்தால் அவர் பார்த்திருப்பார்.

ஒரு கணக்கு. எல்லைக்கோட்டில் முதல் படகுக்கும் இரண்டாவது படகுக்கும் 75 மீட்டர் இடைவெளி என்று எழுதினேன். 2000 மீட்டர், 6 நிமிடம் 49 வினாடி, 15.6 வினாடி, இந்த மூன்றையும் வைத்து அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று தெரிந்தவர்கள், கீழே விட்டிருக்கும் இடத்தில் பென்சிலில் எழுதுங்கள். பேனாவால் எழுத வேண்டாம், அடுத்த மாதம் இதே சார்ட் அட்டையைத் திருப்பி எழுதணும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி